கொல்லிமலைக்கு ஆம்புலன்ஸ்: எந்த சேஸிஸ் எடுப்பது?

சேந்தமங்கலத்துக்காரன்:

வணக்கம். சேந்தமங்கலம் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் வண்டிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களிடம் நான்கு ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதில் இரண்டு ரொம்பப் பழசு. ஒவ்வொரு முறை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகும்போதும் தரையில் எங்கேயாவது வெல்டிங் வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது நன்கொடை சேர்ந்து மூன்று புது வண்டி வாங்க முடிவாகியிருக்கிறது. இரண்டு கீழ்நாட்டுக்கு: நாமக்கல், சேலம், எப்போதாவது கோயம்புத்தூர் வரை. ஒன்று கொல்லிமலைக்கு மட்டும்.

மலை வண்டிதான் என் கவலை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. இறக்கிவரும் நோயாளிகளில் மிளகு பறிக்க மரமேறி விழுந்தவர்கள் இருப்பார்கள், பாம்புக்கடி இருக்கும், பிரசவம் இருக்கும். போன ஐப்பசி மழையில் ஒரு நிறைமாதப் பெண்ணை இறக்கிவந்தோம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் எனக்குக் குழியின் குலுக்கல் தெரியவே இல்லை. பின்னால் அந்தப் பெண் ஒவ்வொரு குழிக்கும் கத்தினாள். அவளுடைய அம்மா ஸ்ட்ரெச்சரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கீழே வரை வந்தார். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்த முறை சரியான வண்டி எடுக்காமல் விடக்கூடாது என்றிருக்கிறேன்.

கமிட்டியில் பெரியவர்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள். "நாமக்கல்லில் இல்லாத பாடி பட்டறையா? சின்ன லாரி சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், ஒன்று வாங்கி மேலே பாடியை நாமே கட்டிக்கொள்ளலாம். கெட்டியாகவும் இருக்கும், பணமும் மிச்சம்." இன்னொரு பக்கம், கம்பெனியே ஆம்புலன்சாகக் கட்டித் தரும் வேன் வாங்கலாம் என்கிறார்கள். மூன்றாவது, மலைக்குச் சின்ன வேன் போதும், வளைவில் சட்டென்று திரும்பும் என்கிறார்கள். ஓட்டியவர்கள், உள்ளே நின்று வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை நாமக்கல்:

அண்ணா, நான் 20 வருடமாக லாரி பாடி கட்டுகிறேன். ஆம்புலன்சும் சிலது கட்டியிருக்கிறேன். மலைக்கு லேடர் சேஸிஸ்தான், ஏணி மாதிரி இருக்கும் தனி அடிச்சட்டம்தான், நிற்கும். பாடி வேறு, சேஸிஸ் வேறு என்பதால் அடிபட்டாலும் அடியில் தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். வேன் மாதிரி உடம்பே சேஸிஸாக இருக்கிற வண்டியில் தரை துருப்பிடித்தால் வேலை பெரிசு.

குலுக்கல் பற்றிக் கேட்டீர்கள். பின்சக்கரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) ஒன்று இரண்டைக் கழற்றிவிட்டால் மெத்தை மாதிரி ஆகிவிடும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓய்வில் பைலட்:

அண்ணா, 2008இல் தமிழ்நாட்டில் 108 தொடங்கிய சமயத்தில் பைலட்டாக, அதாவது ஆம்புலன்ஸ் டிரைவராகச் சேர்ந்து 11 வருடம் ஓட்டினேன். அதற்கு அப்புறம் 5 வருடம் தனியார் ஆம்புலன்ஸ்களைப் பராமரிக்கும் வேலை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சேஸிஸ் பெயரைப் பேசுவதற்கு முன், வண்டிக்குள் ஏறப்போகும் எடையை ஒரு தாளில் எழுதுங்கள். டி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று நிரம்பியிருந்தால் 60 கிலோ பக்கம் வரும். பி டைப் இரண்டு வைத்தால் 30. ஸ்ட்ரெச்சர் 40. அலமாரி, நடுத்தடுப்பு, தரைப்பலகை சேர்ந்தால் 150க்குக் குறையாது. பின்பக்க ஏசி, இரண்டாவது பேட்டரி, இன்வெர்ட்டர், வயர் எல்லாம் ஒரு 100. ஆட்கள் ஐந்து பேர்: டிரைவர், டெக்னீஷியன், நோயாளி, கூட வருகிற சொந்தக்காரர் இருவர். அது 340. ஆகமொத்தம் 720 கிலோ. இது நானே எடைமேடையில் ஏற்றிப் பார்த்த கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது இதை லாரி சேஸிஸில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை டன் ஏற்றுவதற்கென்று பட்டை கொடுத்த வண்டியில் இந்தப் பாரம் ஏறினால் பட்டை பாதிகூட அமுங்காது. அமுங்காத பட்டை குழியை வாங்காது, அப்படியே மேலே தள்ளிவிடும். உங்கள் வண்டியில் அந்தப் பெண் கத்தியதற்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும். சின்ன வேனில் இதற்கு நேர்மாறு: பாரம் அதிகமாகிப் பட்டை எப்போதும் அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு குழிக்கும் ஆக்சில் மேலே வந்து இடிக்கும். இரண்டிலும் அடிபடுவது பின்னால் படுத்திருப்பவரின் முதுகுதான். தாளில் வந்த எடை, கம்பெனி அனுமதித்த மொத்த எடைக்கு முக்கால் பங்கு அருகில் வரும்படியாக ஒரு சேஸிஸ் கிடைத்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்துவது. வண்டியின் வெற்று எடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பட்டறை அண்ணா சொன்ன பட்டை கழற்றும் வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டைக்கு எடை தாங்குவது மட்டுமே வேலை இல்லை. பின் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்திருப்பதும் அதுதான். பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும் அதுதான். இரண்டைக் கழற்றினால் மீதி உள்ளவற்றின் மேல் பாரம் கூடும், கொண்டை ஊசி வளைவில் வண்டி இன்னும் சாயும். அப்படிக் கழற்றிய வண்டி ஒன்று எங்களிடம் பராமரிப்புக்கு வந்தது. ஏழாவது மாதம் பெரிய பட்டையே உடைந்தது. நல்லவேளை, ஷெட்டுக்குள் நிற்கும்போது கண்ணில் பட்டது. வண்டியில் ஆள் இருக்கும்போது மலையில் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அடுத்தது, ஸ்ட்ரெச்சர் எங்கே விழுகிறது என்பது. இதை யாரும் கவனிப்பதில்லை. வண்டியின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் இருப்பவருக்குக் குலுக்கல் குறைவு. பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் பகுதியில் இருப்பவருக்கு அது சீசா பலகையின் நுனி மாதிரி, இரண்டு பங்காகத் தெரியும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். ஷோரூமுக்குப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்ட்ரெச்சரை உள்ளே பூட்டி, நோயாளியின் இடுப்பு விழும் இடத்திலிருந்து பின்சக்கர நடுப்புள்ளி வரை அளந்து பாருங்கள். இடுப்பும் முதுகும் சக்கரத்துக்கு முன்னால் விழ வேண்டும்.

அதற்காக நீள வண்டி எடுத்தால் வளைவில் திரும்பாது என்பீர்கள். உண்மைதான். மாருதி ஈக்கோவின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள தூரம், 2350 மில்லிமீட்டர். எங்கேயும் திரும்பும். ஆனால் உள்ளே டெக்னீஷியன் நிமிர முடியாது, மண்டியிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். டாடா விங்கர் 3200, 3488 என்று இரண்டு அளவில் வருகிறது. ஃபோர்ஸ் டிராவலரில் ஆம்புலன்சுக்கு 3050, 3350 இரண்டும் உண்டு. கொல்லிமலைக்கு 3050 முதல் 3200 வரை பாருங்கள். அதற்கு மேல் போனால், எதிரில் பஸ் வந்த வளைவில் பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். பிரசவ வலியில் இருப்பவருக்கு ரிவர்ஸ் கியரில் கழியும் அரை நிமிடம் பெரிய அரை நிமிடம்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதும் மலையில் முக்கியம். விங்கர் முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி. பின்சக்கரத்தைச் சுழற்றும் நீளத் தண்டு (புரொபெல்லர் ஷாஃப்ட்) அடியில் இல்லாததால் தரையைத் தாழ்வாக வைக்க முடிகிறது. ஸ்ட்ரெச்சர் ஏற்றி இறக்குபவர்களுக்கு அது பெரிய உதவி. கீழ்நாட்டு வண்டிக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். மலை ஏறும்போது கதை வேறு. பாரம் பின்னால் சாயும், முன்சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும். மழையில் இலைக்குப்பை கிடக்கும் ஏற்ற வளைவில் நின்று புறப்பட வேண்டுமென்றால் பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டிதான் எனக்கு நம்பிக்கை. டிராவலர் அந்த வகை. நோயாளியோடு நீங்கள் வருவது இறக்கத்தில்தானே என்று கேட்கலாம். அவரிடம் போய்ச் சேர ஏறித்தானே ஆக வேண்டும்?

இறக்கத்தில் பிரேக். 70 வளைவையும் பிரேக்கிலேயே இறங்கினால் கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது, சூடேறிப்போயிருக்கும். இரண்டாவது கியரில் விட்டு எஞ்சினால் பிடித்து இறங்க வேண்டும். அதற்கு இழுவை உள்ள பெரிய டீசல் எஞ்சின் உதவும். டெமோ ஓட்டும்போது ஏற்றத்தில் வேகம் பார்க்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எவ்வளவு தூரம் இறங்க முடிகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, பேப்பர். ஆம்புலன்ஸ் கட்ட ஏஐஎஸ் 125 என்று ஒரு விதிநூல் இருக்கிறது. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. ஏ என்பது முதலில் ஓடிப்போய்ச் சேரும் வண்டி, நோயாளியை ஏற்றாது. பி என்பது அவசரம் இல்லாத நோயாளியைக் கொண்டுபோக. சி அடிப்படை உயிர்காப்பு, டி உயர்நிலை உயிர்காப்பு. நீங்கள் வாங்கப்போவது எந்த வகை என்று முதலில் கமிட்டியில் எழுதி முடிவு செய்யுங்கள். பட்டறையில் கட்டுவதாக இருந்தால், அந்த சேஸிஸில் அந்தப் பாடிக்குச் சோதனை மையத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறது, புனேயில் ஏஆர்ஏஐ என்ற மையம் இருக்கிறது. ஒரே ஒரு வண்டிக்காக அந்தச் செலவைச் செய்தால் கமிட்டி சொன்ன மிச்சம் எல்லாம் அங்கேயே போய்விடும்.

இஎம்டி மலர்:

பைலட் அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் இஎம்டியாக (அவசர மருத்துவ டெக்னீஷியனாக) வண்டியின் பின்னால் இருந்து ஒன்பது வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

கொல்லிமலை இறக்கத்தில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். வண்டி முன்னால் சாய்ந்தே இறங்குவதால் தலை கீழாகவும் கால் மேலாகவும் படுத்திருப்பார். தலையில் அடிபட்டவருக்கு இது நல்லதில்லை. கழுத்து, முதுகெலும்பு சந்தேகம் இல்லையென்றால் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துவோம். அதனால் முதுகுப்பக்கம் படிப்படியாக உயரும் ஸ்ட்ரெச்சர் வேண்டும். முதுகெலும்பு சந்தேகம் இருந்தால் பலகையோடு மொத்தமாகத் தலைப்பக்கம் தூக்க வேண்டும்; அதற்கும் ஸ்ட்ரெச்சரில் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பிணியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்போம். அப்போது அவருடைய முகம் எந்தப் பக்கம் வருகிறது, என் சீட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு வலியில் வருகிறவரோடு முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர் என் முகத்தைப் பார்த்தால் பாதிப் பயம் போகும்.

பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் இருக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நோயாளியின் கையை எட்ட முடியாது. உடனே பெல்ட்டைக் கழற்றுவோம், வளைவில் போய் மோதுவோம். எனக்கே மணிக்கட்டில் விரிசல் விட்டிருக்கிறது. பெல்ட் போட்டபடி சக்ஷன் (தொண்டையில் அடைப்பதை உறிஞ்சி எடுக்கும் கருவி), ஆக்ஸிஜன் குமிழ், நோயாளியின் கை மூன்றையும் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். உயரமானவரை உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். எங்களில் நிறையப் பேர் ஐந்தடி இரண்டங்குலம்.

தரை உயரம். டிராவலர் மாதிரி தரை கொஞ்சம் உயரமான வண்டி என்றால் ஏறும் படி கட்டாயம் வேண்டும், ஸ்ட்ரெச்சரின் கால் தானாக மடிந்து உள்ளே போக வேண்டும். மலையில் வண்டி சரிவில் நிற்கும். சமதரை ஷோரூமில் ஏற்றிப் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆக்ஸிஜன் பற்றி ஒன்று. பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 150 நிமிடம். மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு அது போதும். ஆனால் அங்கிருந்து சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ அதே வண்டியில் அனுப்புவார்கள். அப்போது டி டைப்பில் உள்ள 7000 லிட்டர்தான் காப்பாற்றும். எடைக்காக மலை வண்டியில் டி டைப்பைக் கழற்றிவிடாதீர்கள். அதைத் தாழ்வாக, தரையோடு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டுப் பூட்டுங்கள்.

சேந்தமங்கலத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மலர், உங்கள் பதிவை அச்செடுத்து கமிட்டிக் கூட்டத்தில் வாசித்தேன். லாரி சேஸிஸ் பேச்சு அதோடு நின்றது. இப்போது புதுக் கேள்வி வந்துவிட்டது. மலைக்குப் பின்சக்கர இழுவை, கீழ்நாட்டுக்கு முன்சக்கர இழுவை என்று இரண்டு மாதிரி வாங்கலாமா, இல்லை மூன்றும் ஒரே மாதிரியா? எங்கள் மெக்கானிக் ஒருவர்தான்.

ஓய்வில் பைலட்:

மூன்றும் ஒரே மாதிரி வாங்குங்கள். இருபது வண்டி இருந்தால் வேறு சொல்லியிருப்பேன். மூன்று வண்டிக்கு இரண்டு மாதிரி என்றால் பிரேக் ஷூவிலிருந்து ஃபில்டர் வரை இரண்டு செட் ஷெட்டில் வைக்க வேண்டும். மலை வண்டி எஃப்சிக்கு நின்றால் கீழ் வண்டி மேலே ஏற முடியாது. ஒரே மாதிரி இருந்தால் எந்த டிரைவரும் எந்த வண்டியையும் எடுப்பார். பின்னால் இருக்கும் டெக்னீஷியன் இருட்டில் கையை நீட்டினாலும் சக்ஷன் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியும். மலைக்குப் பொருந்துவது கீழேயும் ஓடும், கொஞ்சம் மைலேஜ்தான் குறையும். அதனால் மூன்றும் பின்சக்கர இழுவை, ஒரே வீல்பேஸ்.

கீழ்நாட்டு வண்டிக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகைபோக்கிக்குள் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் ஏசிக்காக மணிக்கணக்கில் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படி நின்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், இழுவை போகும். வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மலை வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏற்றமே எரித்துவிடும். நீங்கள் எடுக்கும் மாடலுக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் ஊற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். ஊற்ற வேண்டியதென்றால் ஒரு கேன் எப்போதும் ஷெட்டில் இருக்கட்டும். அது தீர்ந்தால் இழுவை குறையும்.

கரண்டையும் மறக்காதீர்கள். எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர் என்றால் வண்டி ஓடும்போது ஏறக்குறைய 1200 வாட். நின்று உறுமும்போது அந்த அளவு வராது. வெண்டிலேட்டர், சக்ஷன், சைரன், விளக்கு, பின் ஏசி ஃபேன் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. கருவிகளுக்குத் தனி பேட்டரி, எஞ்சின் ஸ்டார்ட் செய்யத் தனி பேட்டரி. நடுவில் இரண்டையும் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் செம்மேட்டில் நோயாளிக்காகக் காத்திருந்து, அவரை ஏற்றியபின் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது.

பட்டறை நாமக்கல்:

பைலட் அண்ணா, பட்டை விஷயத்தில் நீங்கள் சொன்னது எனக்குப் பட்டது. இனி கேட்பவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

சேந்தமங்கலத்து அண்ணா, கம்பெனி வண்டியே எடுங்கள். டெலிவரி எடுக்கும் முன் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் தட்டு, சிலிண்டர் கிளாம்ப், பெஞ்ச் இவற்றின் போல்ட் எதில் இறங்குகிறதென்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வெறும் தகட்டில் ஸ்க்ரூ ஏற்றியிருந்தால் வாங்காதீர்கள். தரைக்குக் கீழே குறுக்குச் சட்டத்திலோ தடித்த பிளேட்டிலோ போல்ட் இறங்கி லாக் நட் போட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவில் இ.என். 1789 என்ற விதியில் உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப் போல 10 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். 60 கிலோ சிலிண்டர் என்றால் 600 கிலோ இழுப்பு. தகட்டு ஸ்க்ரூ அதற்கு நிற்காது. நாளைக்கு நீங்களே கூடுதலாக எதையாவது மாட்டினாலும் கூரை உயரத்தில் மாட்டாதீர்கள், வளைவில் வண்டியைச் சாய்ப்பது அதுதான். வேண்டுமென்றால் டெலிவரி அன்று நானும் வருகிறேன், காசு எதுவும் வேண்டாம்.

சேந்தமங்கலத்துக்காரன்:

கட்டாயம் வாருங்கள் அண்ணா.

டீலரிடம் பேசினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை டெமோ வண்டி தருகிறார். உள்ளே ஆட்களுக்குப் பதிலாக அரிசி மூட்டையும், சிலிண்டர் இரண்டு வகையும் ஏற்றி, முதலில் எடைமேடை, அப்புறம் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை ஏறி இறங்கப்போகிறோம். ஏறும்போது மழை பெய்தால் இன்னும் நல்லது. இறங்கும்போது ஸ்ட்ரெச்சரில் நானே பெல்ட் கட்டிப் படுத்துக்கொள்கிறேன். எங்கள் டெக்னீஷியன் பெண் பெஞ்சில் பெல்ட் போட்டபடி எனக்கு பிபி பார்க்க வேண்டும், பார்க்க முடிகிறதா என்று 70 வளைவுக்கும் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அந்தத் தாளை இங்கே போடுகிறேன்.